மார்பெலும்புக்குப் பின்னால்

மனைவியின் முகம் சதைபிடித்து உருண்டையானபோது முதலில் சந்தோஷப்பட்டவர் சலூன்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தவள். "என் கைராசி இப்பதான் உனக்கு வேலை செய்யுது" என்று கேலி பேசினார். அவளும் சிரித்தாள்.

பிறகு வயிறு பெருத்தது. கைகால் மட்டும் குச்சியாக இளைத்தன. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தே வந்தன. தெருமுனை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வாயைக் கட்டு, எல்லாம் சரியாப்போகும்" என்றார் சலூன்காரர். தொட்டதற்கெல்லாம் அவள் அழுதாள். அவர் சலித்துப்போய்க் கடையே கதியென்று கிடந்தார்.

ஒரு நாள் காலை, கடைச்சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவருடைய பழைய ரேசரால் அவள் தாடையை மழித்துக்கொண்டிருந்தாள். நுரையில் ரத்தம் கலந்திருந்தது.

"என்ன இது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாள் முழுக்க ஊரார் மூஞ்சியைத்தானே பாக்கறீங்க. வீட்டுலயும் எதுக்கு?"

அவர் ரேசரை வாங்கி வைத்துவிட்டு, அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அலைந்தபின் டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"மார்பெலும்புக்குப் பின்னால ஒரு கட்டி. ரொம்ப அபூர்வமான வகை. அது தானா ஹார்மோன் சுரக்குது. முகம், முடி, சர்க்கரை, அழுகை, எல்லாம் அதனாலதான்."

"அழுகையுமா?"

"அதுவும்தான்."

சலூன்காரர் தலை கவிழ்ந்தார். "எடுத்துடலாமில்ல?"

"பெரிய ரத்தக்குழாயோட ஒட்டியிருக்கு. கல்லீரலுக்கும் பரவிடுச்சு."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார்.

அன்றிலிருந்து அவரே அவளுக்கு மழித்துவிட்டார். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தி, கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மெல்ல. அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஹார்மோனை அடக்கும் மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்து, அவளுடைய பழைய முகம் எட்டிப் பார்த்தது. சலூன்காரர் நம்பிக்கையோடு ஓடிப்போய்ச் சொன்னார். "மாத்திரை மட்டும் காரணமில்லைங்க. கட்டியால உடம்பு உருகுது" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலை அவள் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"பழையபடி ஆயிட்டேன்ல?"

"ஆமா" என்றார் அவர். "அப்படியே இருக்க."

அந்த மாதம் முடியுமுன் அவள் போய்விட்டாள். சலூன்காரர் அதன்பின் கடையைத் திறக்கவே இல்லை.