ஓட்டை விழாத தோட்டா

தகரப் பெட்டியின் அடி துருப்பிடித்து, கட்டிலுக்குக் கீழே தரையெல்லாம் கறை. இனியும் தள்ளிப்போட முடியாது. நியூஸ் பேப்பரை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். எங்கள் சோடாக் கடையின் காலித் தோட்டாக்கள் கலகலவென்று கொட்டின.

தோட்டா என்றதும் பயப்பட வேண்டாம். விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குப்பி, உள்ளே அழுத்தி அடைத்த கேஸ், அவ்வளவுதான். எஃகு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, இதை அதன் தலையில் வைத்துத் திருகினால் உள்ளிருக்கும் ஊசி அதன் வாயில் குத்தி ஓட்டை போடும். புஸ்ஸென்று கேஸ் இறங்கித் தண்ணீர் சோடாவாகிவிடும்.

சினிமா தியேட்டருக்கு எதிரே கடை. என் வீட்டுக்காரர் எலுமிச்சை பிழிவார், நான் டம்ளர் கழுவுவேன், சில்லறையும் பார்ப்பேன். பாட்டில் மட்டும் என் நாத்தனார் கையில். வேறு யாரையும் தொட விடமாட்டாள். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் மொய்க்கும். அவள் திருகுகிற வேகத்தைப் பார்ப்பதற்காகவே சிலர் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள். காலியானதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசுவாள். நேராகப் பெட்டிக்குள் விழும். நாங்கள் இருவரும் எதற்காவது விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்போம். "படம் எதிர்லதான் ஓடுது, இங்க இல்ல. கடையைப் பாருங்கம்மா" என்பார் அவர். கல்யாணம் எனக்குப் புருஷனோடு ஒரு தோழியையும் கொடுத்தது.

தங்கைக்கு அவர் வைத்த பெயர் புஸ்வாணம். கோபம் சட்டென்று கிளம்பும், சட்டென்று அடங்கும். அவர் இறந்துபோன பிறகு வந்த கோபம் மட்டும் அடங்கவில்லை. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நான் கடைச் சாவியைக் கட்டட முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். "எங்கண்ணன் கடை. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. சோடா பாட்டிலை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனவள்தான். வருஷக்கணக்கில் அவளைப் பார்க்காமல் எனக்கு ஒரு கை ஒடிந்தது போலத்தான் இருந்தது. ஆனாலும் நானாகப் போக ரோஷம் விடவில்லை.

பழைய இரும்புக் கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஓட்டை விழுந்ததாப் பார்த்து எடுத்துட்டு வாங்கக்கா. கேஸோட ஒண்ணு உலைக்குள்ள போச்சுன்னா அங்க நிக்கிறவன் கதி அதோகதி." அதனால் ஒவ்வொன்றின் வாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஓட்டை இல்லை. கையிலும் கனத்தது.

குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கி வெடிக்கும். ஆணி வைத்து அடிக்க எனக்கு என்ன பைத்தியமா? கேஸை ஒழுங்காக இறக்க ஒரே ஒரு பாட்டில்தான் உண்டு. அது அவள் வீட்டில் இருக்கிறது.

மறுநாள் போனேன். தோட்டாவைக் கையில் பிடித்தபடி படியேறினேன். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்திவிட்டால் அதற்குமேல் எனக்கென்று போக ஒரு வீடு இல்லை.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

"வாங்க அண்ணி."

"நான் ஒண்ணும் உறவு கொண்டாட வரல. இதைக் காலி பண்ணணும்."

பாட்டிலை எடுத்து வந்தாள். தண்ணீர் ஊற்றினாள். தோட்டாவை வைத்து, அதே வேகத்தில் ஒரே திருகு. புஸ்ஸ்! அந்தச் சத்தத்தில் கடை, கூட்டம், எலுமிச்சை வாசனை, அவர் எல்லாம் ஒரு நொடி திரும்பி வந்தது போலிருந்தது. இரண்டு டம்ளரில் ஊற்றினாள். குடித்தோம். சோடா மூக்கில் ஏறியதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒரு நாளும் நீ முழுசை வீசினதில்ல. எப்படிக் கை தவறிச்சு?"

"தவறல அண்ணி. நீங்க சாவியைக் கொடுத்த அன்னைக்கு வேணும்னேதான் போட்டேன்."

"அடிப்பாவி! எங்கயாவது வெடிச்சிருந்தா?"

"உங்களை எனக்குத் தெரியாதா? உடைஞ்ச டம்ளரையே, அள்றவங்க கையைக் கிழிச்சிடும்னு பேப்பர்ல சுத்திப் போடுற ஆளு. ஒவ்வொண்ணா பார்க்காம எடைக்குப் போட மாட்டீங்க. பார்த்தா எங்கிட்டதான வந்தாகணும்? ஒரு வாரத்துல வந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

"நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லடி" என்றேன். "அவர் நினைப்பு வந்து, திறக்க முடியல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? பாட்டில் சும்மா கிடந்தா மூடியில இருக்கிற ரப்பர் வாஷர் காய்ஞ்சு போயிடும். நீங்க வர்றப்ப கேஸ் பிடிக்கணுமேன்னு ரெண்டு தடவை மாத்திட்டேன் அண்ணி."