பச்சை பனியன்

பச்சை பனியனைத் தலைவழியாக மாட்டும்போது அது டீன் டக்வெல்லின் காதில் சிக்கிக்கொண்டது. போன வாரமும் சிக்கியது, அதற்கு முந்தின வாரமும். முப்பத்தைந்து வயது வயிற்றை மனதில் வைத்து அதை யாரும் தைக்கவில்லை. சிவப்புச் சீருடையின் மேல் அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், சாலை போடுகிற இடத்தில் 'மெதுவாகச் செல்லவும்' பலகை பிடித்து நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது என்று அவனே சொல்லிக்கொள்வான். அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவன் பழக்கம். அவன் ஊரான விர்ரபுல்லில் அவனை எல்லோருக்கும் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம். அவன் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாததற்கும் அதுதான் காரணம்.

பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் இந்தப் பனியன் இந்த வருடம்தான் வந்தது. பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் நாள் முழுக்க மைதானத்துக்குள் போகலாம், வரலாம், கோழி மாதிரி அலையலாம். பச்சை பனியன்காரன் ஒரே ஒரு தடவைதான் இறங்க முடியும். அவன் யாருக்குப் பதிலாக இறங்குகிறானோ அந்த ஆள் சிவப்பு பனியனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. சீசன் ஆரம்பித்ததிலிருந்து ஊரில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. மழை, கோதுமை விலை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. பனியனைக் கிழவனுக்குக் கொடுப்பதா, இளங்காலுக்குக் கொடுப்பதா என்று உள்ளூர் வானொலியில் இரண்டு பேர் காலையிலேயே மல்லுக்கட்டினார்கள்.

"விர்ரபுல்காரங்க டக்கிய எதுக்குய்யா வெச்சிருக்காங்க?"

"பெஞ்சு காத்துல பறந்துடக் கூடாதுல்ல."

ஊரார் டக்கி என்று கூப்பிடும் டீன் வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் வண்டியை ஓரம்கட்டி ரேடியோவை அணைத்தான்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் ராஸ் கில்கோர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இந்த வாரமும் உன்ன இறக்க வேண்டி வரலன்னா, பனியன வேற யாருக்காவது குடுத்துர்றேன் டக்கி. தப்பா எடுத்துக்காத." அதற்கப்புறம் இரண்டாம் அணி. அது காலையில் ஆடும். ஆடுகிறவர்களும் நாய்களும் மட்டுமே இருக்கும் நேரம். மனைவி மிஷெல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜீலாங் நகரத்துக்குப் போனபிறகு, டிராக்டர் பழுது பார்க்கும் கொட்டகையில் டீன் வாரம் முழுக்க ரேடியோவோடுதான் பேசினான். யாராவது தன் பெயரைச் சொல்லிக் கத்துகிற ஒரே நாள் சனிக்கிழமை. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதை வைத்து ஒரு ஜோக் சொல்ல முயன்றான். வரவில்லை.

அவன் இடத்தில் ஆடுகிறவன் ப்ரோடி ஹாக்கிங். சுவர் பூசும் வேலை பழகுகிறவன், இருபத்தோரு வயது. கோல் கம்பங்களுக்கு முன்னால் அவன் எகிறிப் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால், ஏணியை யார் எடுத்துப் போனார்கள் என்று தேடத் தோன்றும். கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். "ஸாரி டக்கி" என்று முதல் வாரமே கையைப் பிடித்துக்கொண்டவன். அன்றிலிருந்து டீன் அவனை விசாரித்துக்கொண்டே இருந்தான். "தொடை எப்படிடா இருக்கு? இழுக்குதா? சும்மா கேட்டேன்." போன வாரம் பழைய காலுறையில் பஞ்சடைத்துச் செய்வினை பொம்மை மாதிரி செய்து, ப்ரோடியின் ஒன்பதாம் நம்பர் எழுதி, பின்னந்தொடையில் ஊசி குத்திக் கொண்டுவந்தான். உடைமாற்றும் அறையே உருண்டு சிரித்தது. எல்லோரையும் விட அதிகம் சிரித்தவன் ப்ரோடி. பொம்மையை வாங்கித் தன் ஆணியிலேயே மாட்டிக்கொண்டான்.

இன்று எதிரே வெள்ளைச் சட்டை சால்ட் க்ரீக். பல வருடங்களாக விர்ரபுல்லை வந்து மிதித்துவிட்டுப் போகிற அணி. ஆனால் ஏப்ரல் வெயிலில் அவர்கள் கால் கனத்துப்போய்விட்டது. மூன்றாவது கால்பகுதி முடியும்போது விர்ரபுல் முன்னால் இருந்தது. ப்ரோடி கோல் போடும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. பெஞ்சிலிருந்த டீனும் எழுந்து கைதட்டினான். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

கால்பகுதி முடியும் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. உயரத்தில் வந்த பந்துக்கு ப்ரோடி எகிறினான். பின்னாலிருந்து எகிறிய சால்ட் க்ரீக்கின் நெட்டையன் ஒருவனின் முழங்கால் அவன் பின்மண்டையில் இறங்கியது. பந்து ஒரு பக்கம், ப்ரோடி ஒரு பக்கம். எல்லோர் கண்ணும் பந்தோடு போனது. பச்சை பனியன்காரன் மட்டும் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் அவனுக்குள் எழுந்தது சந்தோஷம்தான். அப்பாடா, வந்துவிட்டது என்று கால் தானாகவே தரையைத் தட்டியது.

ப்ரோடி எழுந்துவிட்டான். சிரித்தான். குனிந்து, கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்துக் கட்டினான். பிறகு அவன் நிற்க வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் மெதுவாக ஓட ஆரம்பித்தான். சங்கு ஊதிவிட்டது. டீனின் கால் தட்டுவதை நிறுத்தியது.

கடைசி இடைவேளையில் ஊரே மைதானத்துக்குள் இறங்கி வந்து அணியைச் சூழ்ந்துகொள்வது அங்கே வழக்கம். கையில் பை, பீர், நாய்க் கயிறு சகிதம் நின்று கோச் திட்டுவதைக் கேட்பார்கள். கூட்டத்தின் நடுவில், அணிக்கு வைத்தியம் பார்க்கும் லொரேன் பெட்ச் ப்ரோடியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"போன வாரம் யாரோட ஆடினோம் கண்ணு?"

"பைன் ஹில்லு" என்றன பின்னாலிருந்து நாலைந்து குரல்கள், ஆசையாக.

"பைன் ஹில்" என்றான் ப்ரோடி.

"ஜெயிச்சமா?"

"எங்க ஜெயிச்சோம்" என்று ஒரு பெரியவர் முனகினார்.

"எங்க ஜெயிச்சோம்" என்றான் ப்ரோடி. எல்லோரும் சிரித்தார்கள். லொரேனும் சிரித்துவிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"அவன் பதில் சொல்லல" என்றான் டீன். "லொரேன், பதில் சொன்னது ஊரு. அவன் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்."

கோச் திரும்பினார். "டக்கி, பொம்மைய வீட்ல வெச்சுட்டு வந்தியா, கையோட கொண்டாந்துட்டியா?"

சிரிப்பு வெளிவட்டம் வரை போய்த் திரும்பியது. யாரோ, "ஊசிய மண்டைல மாத்திக் குத்திட்டான்டா" என்றார்கள்.

"விளையாட்டுக்குச் சொல்லல ராஸ்."

"நீ என்னிக்கு விளையாட்டுக்குச் சொல்லாம இருந்திருக்க?"

"சரி, நான் இறங்கல. பனியன வேற யாருக்காவது குடு. அவன மட்டும் உக்கார வை."

"ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் பனியன் கை மாறக் கூடாது. ரூல் தெரியாதா உனக்கு? இத்தன வருஷம் கழிச்சு இவனுங்கள அடிக்கப் போறோம், கோல் போடறவன உக்கார வைக்கச் சொல்ற." ராஸ் குரலைத் தாழ்த்தினார். அதுதான் அதிகம் வலித்தது. "உன் கஷ்டம் புரியுது மச்சான். ஆனா இப்படி வேணாம்."

லொரேன் டீனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அணி கைகோத்துக் கத்த ஆரம்பித்துவிட்டது. டீன் ப்ரோடியின் தோளைப் பிடித்தான்.

"நீயே சொல்லுடா. தல சுத்துதா?"

"நல்லாத்தான் இருக்கேன் மச்சான்." சிரிப்பு அழகாக இருந்தது. அவன் ஒருநாளும் டீனை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. டக்கி என்பான். "தேங்க்ஸ் மச்சான்."

கூட்டம் கார்களுக்குத் திரும்பியது. சங்கு ஊதியது. அடிபட்ட மண்டையில் மறுபடி அடிபட்டால் என்ன ஆகும் என்று அந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மதியம் மட்டும் மறந்துவிடுவார்கள். டீன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை அவனுக்காகச் சொல்கிறேனா, எனக்காகவா? நேர்மையாக யோசித்துப் பார்த்தான். அவனிடம் சாட்சியாக இருந்ததெல்லாம் இரண்டு முறை கட்டிய அந்தக் கயிறு மட்டும்தான்.

பந்து உயர்ந்து ப்ரோடியின் பக்கம் வந்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் அதே நெட்டையன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

டீன் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினான்.

பச்சை பனியனோடு, யாரும் இறக்காமல், யாருக்கும் பதிலாக இல்லாமல். பதினெட்டு பேர் மட்டுமே ஆட வேண்டிய அணியில் இப்போது ஓர் ஆள் அதிகம். எதிரணித் தலைவன் அதைக் கவனித்து எண்ணச் சொன்னால், அதுவரை எடுத்த புள்ளி அத்தனையும் அழிந்துவிடும் என்பது விர்ரபுல்லில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். கார்களிலிருந்து தன் பெயரைச் சொல்லிக் கத்துவது அவனுக்குக் கேட்டது. அன்போடு அல்ல. இத்தனைக்கும் நடுவில் காலடியில் புல் படுவது சுகமாக இருந்தது. வெட்கம் கெட்ட கால். ப்ரோடிக்கும் நெட்டையனுக்கும் நடுவில் போய் விழுந்தான். மூவரும் உருண்டார்கள். ப்ரோடியின் தலை டீனின் வயிற்றின் மேல் இருந்தது. முதல்முறையாக அந்த வயிறு ஒரு வேலைக்கு உதவியது.

விசில். சால்ட் க்ரீக் தலைவன் கையை உயர்த்தினான். "எண்ணுங்க."

"என்னடா பண்ணித் தொலச்ச" என்று ராஸ் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் டீனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நடுவர் இரண்டு அணியையும் மைதானத்தின் நடுவே எதிரெதிரே இரண்டு வரிசையாக நிற்கச் சொன்னார். டீன் தன் அணியின் கடைசியில் போய் நின்றான். பக்கத்தில் நின்றவன் அரை அடி தள்ளி நின்றுகொண்டான். நடுவர் விரலை நீட்டி, உதடு அசைய, ஒவ்வொரு மார்பாகத் தொட்டுக்கொண்டு வந்தார். டீனைத் தொட்டார். நின்றார். நெற்றியைச் சுருக்கி, முதலிலிருந்து மறுபடியும் எண்ணிக்கொண்டு வந்தார்.

"பதினெட்டு" என்றார். கணக்கு சரியாக இருந்தது.

"எப்படிய்யா?" என்று சால்ட் க்ரீக் தலைவன் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

எதிர்வரிசையில், வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே விர்ரபுல்லின் சிவப்புச் சட்டை ஒன்று. ப்ரோடி முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தன் முறைக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் நின்ற நெட்டையன் அவனைப் பார்த்தான், கீழே பார்த்தான், பிறகு அவன் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டான், விழுந்துவிடுவானோ என்பது போல. லொரேன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். சுற்றி நின்ற கார்களில் ஓர் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் யாரோ அணைத்தார்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த புல்வெளிக்கு அப்பாலிருந்து ப்ரோடி டீனைப் பார்த்தான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எதிரணிக்காரனைப் பார்த்துச் சிரிப்பது போல, மரியாதையாக, லேசாகத் தலையசைத்துச் சிரித்தான்.