விரிசல் இல்லாத ஜாடி

இந்தப் பெட்டிக்காரர் இருக்கிறாரே, இவரைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நீங்கள் எங்கே தேடினாலும் பார்க்க முடியாது. தலைநகரத்து அருங்காட்சியகத்தில், வெளியூர்களிலிருந்து கண்காட்சிக்கு வரும் பெட்டிகளைப் பிரிப்பது இவர் வேலை. பழங்காலத்து ஜாடியைத் தூக்கும்போது இவர் கை துளியும் நடுங்காது. அந்த அம்மாவுக்கு டீ நீட்டும்போது மட்டும் பாதி டீ தட்டில்தான் இருக்கும்.

அந்த அம்மா தூரத்து ஊர் அருங்காட்சியகத்தில் அதிகாரி. அங்கிருந்து கடனாக வரும் பொருள்களைத் தன் கையாலேயே பெட்டியில் கட்டி, கூடவே பயணம் செய்து, இங்கே ஒப்படைத்துவிட்டுப் போவார். தலைநகரத்தில் கோடைக்கு ஒரு கண்காட்சி, குளிருக்கு ஒரு கண்காட்சி. கம்பத்துக்குக் கம்பம் விளம்பரத் துணி ஏறும், சதுக்கத்தில் கச்சேரி மேடை எழும்பும். ஊரே மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்வாசலில் நின்று லாரி வருகிறதா என்று பார்ப்பார்.

பெட்டி வந்ததும் திறந்துவிட முடியாது. உள்ளே இருப்பது இந்தக் கட்டடத்துக் காற்றுக்குப் பழக ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் இவருடைய திருநாள். பெட்டிக்குக் காவலாக இருவரும் கிடங்கில் உட்கார்ந்து பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? பஞ்சு, ஆணி, ஈரப்பதம்! அந்த அம்மாவும் தனி ஆள், இவரும் தனி ஆள். இத்தனை வருஷமாகியும் ‘சார்’, ‘மேடம்’ தாண்டவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இந்தத் தடவையாவது சொல்லித் தொலைடா. வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" என்று அக்கா காலையில் திட்டித்தான் அனுப்பியிருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் இவரும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார்.

லாரி வந்தது. பெட்டி இறங்கியது. அந்த அம்மா இறங்கவில்லை.

"இனிமே யாரும் கூட வர மாட்டாங்களாம், செலவு மிச்சம்னு முடிவு பண்ணிட்டாங்க. காமிராவுலயே பார்த்துப்பாங்க," என்றார் இந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். "பிரிக்கும்போது புதுசா ஏதாவது விரிசல் தெரிஞ்சா மட்டும் வேலையை நிறுத்திட்டு அவங்களை நேர்ல வரவழைக்கணும்."

அன்றைக்கு முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் இவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு டீ வாங்கி வந்துவிட்டு, இரண்டையும் தானே குடித்தார். மனசு வெறிச்சென்று இருந்தது. இனி கோடை வந்தால் என்ன, குளிர் வந்தால் என்ன என்று இருந்தது.

மறுநாள் காலை பெட்டியைப் பிரித்தார்கள். காப்பாட்சியர் காமிராவை ஜாடியை விட்டு நகர்த்தவே இல்லை. திரையில் அந்த அம்மா தெரிந்தார். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. அவருக்கு இங்கே தெரிந்ததெல்லாம் ஜாடியும், கையுறை போட்ட இரண்டு கைகளும்தான்.

இவர் ஜாடியை மெல்லத் திருப்பினார். அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு. சூளையிலேயே விழுந்த கோடு. அது இவருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"அடியில ஏதாவது தெரியுதா சார்?"

புதுசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா இங்கே வந்து நிற்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பெட்டியைக் கட்டியது யார்? பழி அவர் தலையில்தானே விடியும்?

"பழைய கோடுதான் மேடம். புதுசா ஒண்ணும் இல்ல."

"நல்லா பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

மகராசன், இன்னொரு தடவையும் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல மேடம்."

"சரி," என்றார் அந்த அம்மா. திரை அணைந்தது. காப்பாட்சியர் கையெழுத்துப் போட்டார். ஜாடி கண்ணாடிக் கூண்டுக்குள் போய், பூட்டும் விழுந்தது.

இவர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது.

"என்ன மனுஷன் சார் நீங்க? ரெண்டு தடவை கேட்டேனே!"

"பழி உங்க மேல வந்திருக்குமேன்னு..."

"வந்தா வந்துட்டுப் போகுது! நானே நேர்ல வந்து பார்த்துட்டு, பழைய கோடுதான்னு எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா? பையைக் கட்டி வாசல்ல வச்சிட்டுத்தான் காமிரா முன்னால உட்கார்ந்தேன்."

சதுக்கத்தில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்..."

"சொல்லுங்க."

"நீங்க வராம என்னால முடியல. நேத்தெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீங்க வேணும்."

"ஜாடியைப் பூட்டிட்டு வந்து சொல்றீங்களே," என்றார் அந்த அம்மா. குரல் உடைந்திருந்தது.