யாரும் வெட்டாத கான்

தேயிலை மலையில் மழைத்தண்ணீர் இறங்கிப்போக வெட்டுகிற வாய்க்காலுக்கு எங்கள் தோட்டத்தில் கான் என்று பெயர். கான் வெட்டுவது ஆம்பளை வேலை. எந்தக் கானை யார் வெட்டினார் என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக் காம்பராவுக்கு மேலே, கொய்யா மரத்தடியில் இருக்கிற கானை மட்டும் யாரும் வெட்டவில்லை. அது போன வருஷம் ஐப்பசி மழையில் தானாக வந்தது.

வந்தபோது விரல் நுழையும். இந்தக் கார்த்திகையில் என் கால் முழங்கால்வரை போகும். ஆனாலும் அது கான்தான். "கான் பக்கம் போகாதீங்க புள்ளைகளா" என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு பெயர் சொல்ல நாக்கு பயந்தது.

நான் கலாராணி, பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். என் மகள் மேனுஷாவும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. தொட்டில்கள் கட்டியிருப்பது பின்சுவர்ப் பக்கம். சுவருக்குப் பின்னால் மேடு, மேட்டின் மேலே அந்தக் கான். மழை பிடித்தால் தொட்டில்களை அவிழ்த்து வாசல் பக்கம் கட்டுவேன். தாய்மார்கள் வந்து பார்ப்பார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று டவுன்காரர்கள் கேட்கலாம். எங்கள் தோட்டத்து மேல்பிரிவில் இப்படித்தான் நிலத்தில் ஒரு வெடிப்பு என்று போய்ச் சொன்னார்கள். எல்லோரையும் கூட்டிப்போய், மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோரில் வைத்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். சீலையைக் கட்டித் தடுத்த வீட்டில் புருஷன் பெண்சாதி பேசுவதை ஊரே கேட்கும். அந்தப் பிழைப்புக்கு இந்தக் கானே மேல் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் முடிவு செய்திருந்தது. கூட்டம் போட்டு யாரும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவும் கான் மாதிரியே தானாக வந்தது.

போன மாதம் பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கிற ஆபீசர் ஒருவர் வந்தார். நஸீர் என்று பெயர். தோட்டத் தலைவர் கதிர்காமநாதன் அவரை மேட்டுக்குக் கூட்டிப்போனார். பின்னால் லயமே நடந்தது. அன்று மந்தாரமாக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் நஸீர்.

"கான்ங்க சேர்" என்றார் தலைவர்.

நஸீர் குனிந்து பார்த்தார். "யாரு வெட்டினது?"

தோட்டத்தில் இதைவிட லேசான கேள்வி கிடையாது. எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். யாருமே சொல்லமாட்டார்களோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"நான்தாங்க வெட்டுனேன்."

சொன்னது என் புருஷன் பிரதீஷ். கான் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தலைவர் வேறு ஒத்து ஊதினார். நஸீர் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கத் திரும்பினார்.

எனக்கு வந்தது ஆத்திரமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. பெற்ற மகள் அந்தச் சுவரடியில் தூங்குகிறாள், இந்த மனுசன் வெட்டினேன் என்கிறார். இடுப்பில் கை வேறு. நான் காம்பராவுக்குள் ஓடி, பிள்ளைகள் கைகழுவ நிறைத்து வைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினேன்.

"கலா, சும்மா இரு" என்றார் பிரதீஷ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க வெட்டுன கான்தானே? தண்ணி ஓடுதான்னு பாப்போம்."

வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் ஓர் அடிகூட ஓடவில்லை. அப்படியே உள்ளே இறங்கியது. ரொம்ப ஆழத்தில் யாரோ மிடறு மிடறாகக் குடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. லயத்து ஆட்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நஸீர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். "புள்ளைகள மொதல்ல வெளிய எடுங்க" என்றார். நான் வாளியைப் போட்டுவிட்டுக் காம்பராவுக்கு ஓடினேன்.

பொழுது சாயுமுன் எல்லோரும் ஸ்டோருக்கு வந்துவிட்டோம். மேல்பிரிவுக்காரர்கள் தங்கள் சீலைகளை இன்னும் நெருக்கிக் கட்டி இடம் விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் லயத்து ஆட்கள் என்னோடு பேசுவதில்லை. குழாயடிக்கு நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். மலை இன்னும் இறங்கவில்லை. "ஒன்னும் ஆவல, பாத்தியா" என்று சீலைக்கு அந்தப் பக்கம் பேசுவது, என் காதில் விழ வேண்டும் என்றுதான். மாரியம்மா, இறங்கித்தான் தொலையட்டுமே என்று ஒருநாள் நினைத்துவிட்டேன். உடனே வாயில் அடித்துக்கொண்டேன். பிரதீஷும் பேசுவதில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார், மேனுஷாவைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

விடாமல் பெய்த மழை நேற்றுச் சாயங்காலம் கொஞ்சம் ஓய்ந்தது. பிரதீஷ் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீரோடு ஸ்டோரின் பின்பக்கம் போனார். அங்கே மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே, வெள்ளைக்காரன் காலத்துச் சிமெந்துக் கான் ஒன்று இருக்கிறது. பெய்த மழைக்கு அது நிறைந்து ஓட வேண்டும். அடியில் வெறும் ஈரம்தான் இருந்தது. நான் மேனுஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், சீலைகளை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். தலைவரும் வந்திருந்தார்.

பிரதீஷ் ஊற்றினார். தண்ணீர் சுவரோரமாகப் பாதித் தூரம் ஓடி, அங்கே உள்ளே இறங்கிக் காணாமல் போனது.

"எல அடைச்சிருக்கும்" என்றார் தலைவர்.

"ஆமா, எலதான்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

இலை அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கவில்லை. கானில் ஓர் இலையும் கிடக்கவில்லை. பிரதீஷ் காலி வாளியைக் கீழே வைத்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இத நான் வெட்டல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதையும் நான் வெட்டல."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. யாரும் உள்ளே போகவில்லை.