அழத் தெரியாதவள்

பல்கலைக்கழக நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுபவள் பைண்டர் அக்கா. நாடகத்துறைப் பேராசிரியரே நேரில் வந்து அழைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய துன்பியல் நாடகம் ஒன்றைப் பற்றிப் பொதுக் கருத்தரங்கமாம்; மகளின் பிணத்தை மடியில் போட்டு ராணி புலம்பும் கடைசிக் காட்சியை அவள்தான் வாசிக்க வேண்டுமாம். இருபது வருடத்துக்கு முன் ஊழியர் நாடகக் குழுவில் அவரோடு நடித்தவள். அதற்குப்பின் மேடைக்குக் கூப்பிட நாதியில்லை. பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உருப்போட்டாள்; ராத்திரி வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மகள் போனபிறகு அந்த வீட்டில் சத்தமாக ஒரு குரல் கேட்டது அப்போதுதான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"இவங்க பொண்ணு எட்டு மாசத்துக்கு முன்னாடி லாரியில அடிபட்டு இறந்துட்டா. இன்னைக்கு நீங்க பாக்கப்போறது நடிப்பு இல்ல."

எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்நூறு பேர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுகூட விடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு, நூலக விதிகளை வாசிப்பதுபோல் புலம்பலை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, வாசிப்பில் தாயே தெரியவில்லை என்றாள். பேராசிரியர் சிரித்தார். துக்கம் இருந்தால் மட்டும் போதாது, அழவும் தெரிய வேண்டும் என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அக்கா எழுந்து மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் பேராசிரியரைப் பெற்றவள், எண்பது வயதுக்காரி, மகன் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மா இதோ இருக்காங்க. நாளைக்கு உங்களப் பொட்டலமா கட்டிக் கொண்டுவந்து போட்டா, ஒழுங்கா அழுவாங்களா? இப்பவே அழச் சொல்லுங்க. பாத்துட்டு மார்க் போடுவோம்."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் சுதாரித்துவிட்டார். ராணியை இந்தக் குரலில்தான் வாசித்திருக்க வேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது.

வாசலில் அந்த அம்மாள் தட்டுத்தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நான் உனக்கு என்னம்மா பண்ணினேன்?"

அவள் ஒன்றும் பண்ணவில்லைதான். அக்கா கையை உருவிக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தாள். வழிநெடுக அந்த முகம் கண்ணிலேயே நின்றது. பாவமாகத்தான் இருந்தது. வயிறும் குளிர்ந்திருந்தது.