சீசன் முடிஞ்சு ஒரு வாரமாச்சு

அன்று காலை இரணியலில் ரயில் ஏறியபோது, என்னைக் காப்பாற்ற ஒரு பெட்டி நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த பெட்டியில் ஏறியிருப்பேன்.

என் பெயர் செசிலி. மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். குளச்சலில் மீன் எடுத்து வடசேரி சந்தையில் விற்கிறேன். தினமும் இதே ரயில்தான். அதனால் மாதா மாதம் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் அபினாவை நர்சிங் படிக்க வைத்ததும் இந்த மீன்தான். ஆனால் அன்றைக்கு நான் வியாபாரத்துக்குப் போகவில்லை. கோட்டாற்றில் ஜாஸ்பின் என்று ஒரு அம்மா, தன் மகன் சிஜோவுக்கு அபினாவைக் கேட்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டுபேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஜாஸ்பினுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். நாலுபேர் முன்னால தலை குனியாத குடும்பமா இருந்தாப் போரும்" என்றாள். தலை குனிவதா? நானா? சந்தையில் என்னிடம் விலை பேசிப் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஜாஸ்பினுக்காக ஒரு பொதி நெத்திலிக் கருவாடு.

டிக்கெட் பரிசோதகர் புது ஆள், மலையாளத்துக்காரர். பழைய ஆட்களுக்கு என் முகம் தெரியும், கேட்கவே மாட்டார்கள். இவர் என் முன்னால் வந்து நின்றார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். மடியிலிருந்த பொதியைப் பார்த்தார்.

"சீசனாணோ?" என்றார்.

கருவாட்டைப் பார்த்துக்கொண்டே ஒருத்தர் சீசனா என்று கேட்டால் மீன்காரி என்ன நினைப்பாள்? சந்தையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்கிற கேள்விதானே அது. விசைப்படகு கடலுக்குப் போகத் தடை போட்டு அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"சீசன் எங்க சாரே! சீசன் முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இனி ரெண்டு மாசம் இப்படித்தான் ஓடும்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "ஒரு வாரமாயிட்டு டிக்கெட்டில்லாதே போவுந்நோ? இனி ரண்டு மாசமும் இங்ஙனே போவான் பிளானாணோ?"

அட, அந்தச் சீசனா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ சாரே, நான் மீனுக்கச் சீசனையாக்கும் சொன்னது. இந்தா தாறேன்" என்று பைக்குள் கையை விட்டேன்.

"பையை மூடுங்கம்மா!"

எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைச் சட்டை எழுந்துவிட்டது. பெயர் சுயம்புராஜ். யாரும் கேட்காமலேயே அதைப் பெட்டி முழுக்க அறிவித்தார். "நீங்க ஒத்த பைசா எடுக்கப்பிடாது. ஏழைகள்ட்டதான் இவியளுக்கு வீரம்!"

"காசு இல்ல தம்பி, டிக்கெட்டு..."

"காசு இல்லேன்னு அந்த அம்மா வாயாலயே சொல்லுதாங்க, கேட்டீரா?"

கேட்டார்கள். பெட்டியே கேட்டது. 'டிக்கெட்டு' என்பதை மட்டும் ஒரு காதும் கேட்கவில்லை. ஊரில் கிணறு இடிந்து விழுந்தாலும் அசையாத மனிதர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். கோடி கோடியாக வங்கியில் அடித்தவனை விட்டுவிட்டு மீன்காரியைப் பிடிக்கிறாயா என்றார் ஒருவர். மலையாளிக்கு நம் ஊரில் என்ன வேலை என்றார் இன்னொருவர். சொன்னவரே திருவனந்தபுரத்தில் கடை வைத்திருப்பவர். இந்தச் சண்டை முடியும்வரை மற்ற யாருடைய டிக்கெட்டையும் பரிசோதகர் கேட்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த சகாயம் என்பவர் போனைத் தூக்கிப் பிடித்தார். "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. மொகத்துல வெளிச்சம் விழல்ல."

வியர்வையைத் துடைத்தேன். அது அவர் போனில் கண்ணீராகப் பதிவானது.

"எனக்குச் சீசன் இருக்கு!" என்று கத்தினேன்.

"இப்பத்தானே முடிஞ்ஞுன்னு பறஞ்ஞது?" என்றார் பரிசோதகர்.

சுயம்புராஜ் என் காதருகில் குனிந்தார். "பயந்து பொய் சொல்லாண்டாம்மா. நாங்க இருக்கோம்லா." பிறகு நான் மறுபடியும் பைக்குள் கைவிடாதபடி பையை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டுமாம்.

கடைசியில் பரிசோதகர் அபராதத்தில் உறுதியாக நிற்கவே, வசூல் நடந்தது. மாதா கோவில் கொடியேற்றத்துக்குக்கூட இவ்வளவு வேகமாகக் காசு விழுந்து நான் பார்த்ததில்லை. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தேன் என்று ரயில்வேயே ரசீது எழுதித் தந்தது. சுயம்புராஜ் அதைப் பரிசு கொடுப்பதுபோல என் கையில் தந்து, சகாயத்தின் போனைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நாகர்கோவில் டவுனில் இறங்கியதும் சுயம்புராஜிடமிருந்து பையைப் பிடுங்கி, சீசன் டிக்கெட்டை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். "கண்ணு இருக்குல்லா? தேதியப் பாரும்!"

பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இத மொதல்லயே காட்டப்பிடாதா? எங்களை எதுக்குக் கெடந்து கத்த வச்சிய?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சகாயத்தின் கையைப் பிடித்தேன். "மக்கா, அந்த வீடியோவ அழிச்சிரு. எனக்க மவளுக்கக் கல்யாணக் காரியம்."

"அது போயாச்சே அம்மா. பயங்கரமா ஓடுது. உங்களுக்குத்தான் நல்லது" என்றார். நல்ல மனிதர், என்னுடைய ஜிபே நம்பரையும் கேட்டார்.

ஜாஸ்பின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் குரல் உள்ளே கேட்டது. காசு இல்ல தம்பி, காசு இல்ல தம்பி. மஸ்கட்டில் இருக்கும் யாரோ ஒரு சித்தி வீடியோவை அனுப்பியிருந்தாளாம். மேலே தலைப்பு: 'டிக்கெட்டுக்கு வழியில்லாத மீனவத் தாய், கைகொடுத்த நல்ல உள்ளங்கள்.'

ஜாஸ்பின் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். "இவ்வளவு கஷ்டம்னா சொல்லியிருக்கலாமே செசிலி."

நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லி, சீசன் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"இதும் அந்தத் தம்பிமாரு எடுத்துத் தந்ததா?" என்றாள்.

டிக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். "நிச்சயத்த இப்பம் பாக்காண்டாம். சிஜோவுக்க அப்பா யோசிக்கணும்னு சொல்லுதாரு" என்றாள் ஜாஸ்பின். கருவாட்டுப் பொதியை மட்டும் மறக்காமல் வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

திரும்பும்போது ரயில் பக்கமே போகவில்லை. பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ்சில் ஏறினேன். கண்டக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓசி டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். காசு கொடுத்துப் போன வண்டியில் மானம் போயிற்று. ஓசி வண்டியில் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்வதிபுரம் தாண்டும்போது அபினா கூப்பிட்டாள். காலையிலிருந்து டூட்டியில் இருந்தவள், போனையே இப்போதுதான் எடுத்திருக்கிறாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அம்மா, என்னாச்சு? எப்பமாம் நிச்சயம்?"

பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்பம் சீசன் இல்ல மக்கா" என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். "நான் மீனையா கேட்டேன்? எனக்கக் காரியத்தச் சொல்லும்மா."