ஒரு புண்கூட இல்லை

எங்கள் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் கடைசிச் சொல் என்னுடையது. பாசத்தால் அல்ல. நான் நர்ஸ். பழியைத் தூக்கிப் போட என் தலை வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருஷம் மாமனார் வென்டிலேட்டரில் கிடந்தார். சிறுநீரகம் போய், ஈரலும் போய், நெஞ்சு மட்டும் மெஷின் தயவில் ஏறி இறங்கியது. இனித் திரும்ப மாட்டார், என்ன செய்யலாம் என்று டாக்டர் கேட்டார். என் கணவர் சுவரைப் பார்த்தார். நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா விவரம் தெரிஞ்சவ. நீயே சொல்லு."

"போதும் அத்தை. மாமாவ இதுக்கு மேல படுத்த வேணாம்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். மெஷினை எடுக்கும்போது அவர் தலைமாட்டில் நின்றது நான் ஒருத்திதான். வேறு யாரும் உள்ளே வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் ஆரம்பித்தார். "மெஷின எடுக்கச் சொன்னதே இவதான். விட்டிருந்தா பொழச்சிருப்பாரு. பொழுதன்னைக்கும் பொணத்தப் பாக்கறவளுக்கு மனசு எங்க இருக்கும்?" நான் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நிற்கிறேன். என் காதில் விழத்தான் சொன்னார். கணவர் பக்கத்திலேயே கல்லாக உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் அவரை மடக்கினேன். "நீங்களும்தான தலையாட்டினீங்க? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"அம்மா துக்கத்துல பேசறாங்க. நீ கண்டுக்காத."

கண்டுகொள்ளாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? என் அப்பா வலியில் துடித்துத் துடித்துச் செத்ததைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். எனக்கா மனசு இல்லை? அன்றோடு அந்தப் பொம்பளைக்கு என் மனதில் மரியாதை தீர்ந்தது.

இந்த வருஷம் அவளுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்தது, பேச்சு போனது, நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் உயிர் நிற்கும், ஆனால் எழுந்திருக்கவோ பேசவோ மாட்டார் என்றார் டாக்டர். வைக்காவிட்டால் சில நாளில் போய்விடுவார், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"நாம சொல்றது அவங்களுக்குப் புரியுது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கும்பிடப் பார்த்தாள். ஒரு கைதான் எழுந்தது.

வராந்தாவில் கணவரும் நாத்தனாரும் காத்திருந்தார்கள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் கணவர்.

"வாழணுங்கறாங்க. குழாயப் போடச் சொல்லுங்க."

இப்போது கூடத்தில் அவள் கட்டில். தவறாமல் புரட்டிப் படுக்க வைக்கிறேன், துடைக்கிறேன், மூக்குக் குழாயில் ஆகாரம் விடுகிறேன். வருகிறவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு, ஒரு புண்கூட இல்லையே, மருமகள் என்றால் இவளல்லவா என்கிறார்கள். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தொண்டைக்குள் குழாயை விட்டுச் சளி உறிஞ்சும்போது மட்டும் கிழவியின் முகம் கறுத்து உடம்பு தூக்கிப் போடும். கண்ணில் தண்ணீர் கொட்டும். அதையும் துடைத்துவிடுவேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

நேற்று என் மகள் கட்டிலருகே வந்து நின்றாள். நர்சிங் கல்லூரி நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.

"இந்தப் படிப்பு ஏன்னு கேப்பாங்களாம்மா. பாட்டி உன்ன என்னவெல்லாம் பேசினாங்க. அப்படியும் நீ கைவிடாம பாத்துக்கற. அதப் பாத்துத்தான் வந்தேன்னு சொல்லப் போறேன்."

அப்படிச் சொல்லாதே என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

கிழவி பேத்தியைப் பார்த்தபடி, இருக்கிற ஒரு கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். விடாமல் தட்டினாள்.

"பாட்டிக்கு என்னம்மா வேணுமாம்?"

"சளி கட்டியிருக்கு."

"நான் எடுக்கட்டுமா? கத்துக்கறேன்."

"கையுறையப் போட்டுக்க" என்று சொல்லி, குழாயை அவள் கையில் கொடுத்தேன்.